ரோஸ் தாளில் நம் சின்னம் இல்லை

2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தலுக்கு வாக்களித்துவிட்டு வந்த அம்மா, திண்ணையில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை: "இரண்டு தாளில் நம் சின்னத்தைக் காணோம். யாரோ எடுத்துவிட்டார்கள்."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, சின்னம் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே சின்னம். அன்று பள்ளிக்கூடத்தில் கையில் நான்கு தாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் சின்னம் இருந்தது, குத்திவிட்டார். மற்ற இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். பூட்டு, ஆட்டோ, ஏணி என்று என்னென்னவோ இருந்தனவாம். எதன்மீதும் குத்த மனம் வராமல் வெறும் தாளாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது எனக்குப் புரியாத ஒன்று உண்டு. சின்னம் இல்லாத தாளில் என்ன செய்வது என்று அம்மாவாவது ஒரு நிமிடம் திகைத்து நின்றார். நான் திகைக்கவே இல்லை. "நம்ம ஆள்" யார் என்று கிளைச் செயலாளர் முதல் நாளே சொல்லியிருந்தார். நான்கிலும் அவர் சொன்னபடியே குத்திவிட்டு இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தவன் நான்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிப் பக்கம். தென்னை ஊர். அப்பா காலத்திலிருந்தே நாங்கள் கட்சிக் குடும்பம். எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. எதிர்க்கட்சிக்காரர் எழுதினாலும் இதே கதையைத்தான் எழுதுவார், பெயர் சொன்னால் பாதிப் பேர் இந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்ததிலிருந்து பூத் ஏஜெண்டாக உட்கார்ந்ததுவரை எல்லாம் செய்திருக்கிறேன். இன்னும் செய்கிறேன். கட்சியை விட்டு வந்தவனின் புலம்பலைத் தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது.

நான்கு தாள் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் வாக்களிக்கிறவர்களிலேயே பலருக்கு இது தெளிவாக இல்லை, எனக்கும் நாற்பது வயதுவரை இல்லை. வெள்ளைத் தாள் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு. இளஞ்சிவப்பு, எங்கள் ஊர்ப் பேச்சில் ரோஸ், ஊராட்சித் தலைவருக்கு. பச்சை, ஊராட்சி ஒன்றியக் குழு உறுப்பினருக்கு. மஞ்சள், மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. பச்சையும் மஞ்சளும் கட்சி அடிப்படையில் நடப்பவை, கட்சிச் சின்னம் அவற்றில் இருக்கும். வெள்ளையும் ரோஸும் கட்சி அடிப்படையில் நடப்பவை அல்ல. தேர்தல் ஆணையம் பொதுவாக வைத்திருக்கும் சின்னங்களில் ஒன்றைத்தான் அவற்றில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள்.

சட்டம் அப்படிச் சொல்கிறது. ஊரில் நடப்பது வேறு. தலைவர் பதவிக்கு நிற்பவர் கட்டியிருக்கும் வேட்டியின் கரையைப் பார்த்தாலே எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். கரையில் தெரியாதது தெருவில் தெரியும். எங்கள் பக்கத்தில் "எந்தத் தெரு?" என்று கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் புரியும், அதை நான் விரிக்க வேண்டியதில்லை.

2011-இல் நாங்கள் நிறுத்திய ஆள் கிளைச் செயலாளரின் சித்தப்பா மகன். எனக்கும் ஒருவகையில் மாமன் முறை. 41 வாக்கில் ஜெயித்தார். பட்டாசு வெடித்தோம். நல்ல மனிதர், இன்றும் சொல்வேன். ஒரு பைசா எடுத்தார் என்று யாரும் விரல் நீட்டியதில்லை. ஆனால் அவர் பட்டுக்கோட்டையில் கான்ட்ராக்ட் எடுத்து வேலை செய்தவர். வாரத்தில் இரண்டு நாள் ஊரில் இருந்தால் அதிகம். குடிநீர் மோட்டார் எரிந்து போகும். தொட்டி இயக்குபவர் போன் செய்வார். "ஒன்றியத்தில் நம் ஆள் இருக்கிறார், சொல்லிவிடுகிறேன்" என்பார். மூன்று நாள் கழித்து மோட்டார் ஓடும். அந்த மூன்று நாளும் பெண்கள் குடத்தோடு வயல் போர்செட்டுக்கு நடப்பார்கள்.

கீழத்தெருவில் விளக்கு எரியவில்லை என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அங்கே எங்களுக்கு வாக்கு கிடையாது. வேண்டுமென்று செய்தார் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பக்கம் அவர் இரவில் போனதே இல்லை, அவ்வளவுதான். பிறகுதான் எனக்கு உறைத்தது: ஊராட்சித் தலைவர் வேலை என்பது காலை ஆறு மணிக்கு வீட்டு வாசலில் கிடைக்க வேண்டிய வேலை. குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, மயானப் பாதை என்று அவர் கையில் இருக்கும் எதிலும் கொள்கை என்று ஒன்றும் இல்லை. மாநிலத்தை யார் ஆள வேண்டும் என்பதற்கு என் கட்சியிடம் பதில் இருக்கிறது. தொட்டியின் வால்வை யார் திறக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை. அது அதன் குறையும் இல்லை.

2016 அக்டோபரில் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதமே நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிக்குத் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர். ஒன்றியத்தில் உள்ள ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த நிலையில்தான் கஜா புயல் வந்தது.

2018 நவம்பர் 16, விடிவதற்கு முன். அந்த இரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்கு 120 தென்னை. விடிந்து பார்த்தபோது நின்றவை 31. சாய்ந்த மரத்துக்கு அரசு நிவாரணம் 1,100 ரூபாய், அதில் 500 வெட்டி அகற்றும் கூலி. காய்க்க வைக்க எத்தனை வருடம் ஆயிற்று என்பதை அந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

மரத்தைவிட அவசரம் தண்ணீர். கம்பங்கள் எல்லாம் படுத்துவிட்டன. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர 24 நாள் ஆயிற்று. மின்சாரம் இல்லை என்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லை என்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. தலைவர் என்று ஓர் ஆள் இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

மூன்றாம் நாள் காலை தொட்டிப் பக்கம் ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. மேலத்தெருக்காரர் ஒருவர் பந்தல்காரரிடமிருந்து பெரிய ஜெனரேட்டரை வாடகைக்குப் பேசி, வழியில் விழுந்து கிடந்த மரங்களை அறுத்துக்கொண்டே கொண்டுவந்திருந்தார். அவர் எதிர்க்கட்சியின் கிளைப் பொறுப்பில் இருப்பவர். நானும் அவரும் அதற்கு முன் பத்து வருடத்தில் நேராகப் பேசியது இரண்டு முறை இருக்கும், இரண்டும் சண்டை. அவர் என்னைப் பார்த்து, "தம்பி, இந்தப் பக்கம் பிடியுங்கள்" என்றார். பிடித்தேன்.

தொட்டி நிறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. குடங்கள் வரிசையாகத் தரையில் நின்றன. நிறைந்ததும் அவர் வால்வுச் சாவியை எடுத்துக்கொண்டு முதலில் கீழத்தெரு வால்வைத் திறந்தார். "கடைசி முனைக்குப் போய்ச் சேர நேரமாகும், அவர்களுக்கு முதலில் விடுவோம்" என்றார். அவருக்கும் அந்தத் தெருவில் வாக்கு கிடையாது, எனக்குத் தெரியும்.

டீசலுக்கு வீட்டுக்கு வீடு காசு வாங்கினார்கள். நான் 500 ரூபாய் கொடுத்தேன். எல்லாம் முடிந்து மின்சாரம் வந்த மறுநாள், ரேஷன் கடைச் சுவரில் ஓர் ஆணியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. புரட்டினேன். யார் எவ்வளவு கொடுத்தார், எந்தத் தேதியில் எத்தனை லிட்டர், ஜெனரேட்டர் வாடகை எவ்வளவு, மீதி 340 ரூபாய் யார் கையில் இருக்கிறது என்பதுவரை எல்லாம் எழுதியிருந்தது. என் பெயரும் இருந்தது, இனிஷியல் மட்டும் தப்பு. டீசல் என்று வரும் இடத்திலெல்லாம் 'டீஸல்' என்று எழுதியிருந்தது. ஐந்து வருடம் எங்கள் ஆள் தலைவராக இருந்தார். அந்த ஐந்து வருடத்தில் ஊராட்சிக் கணக்கை நான் இப்படி ஒரு முறையாவது பார்த்திருக்கிறேனா? கிராம சபையில் வைத்திருப்பார்கள். போனால்தானே தெரியும்.

ஒரு வருடம் கழித்துத் தேர்தல் வந்தது. 2019 டிசம்பர் 27, 30 என்று இரண்டு கட்டம், மாநிலத்தில் 27 மாவட்டங்களில். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கிளைச் செயலாளர் பழைய தலைவரின் மனைவியை நிறுத்தினார். சின்னம் ஆட்டோ. நோட்டீஸில் அந்தம்மாவின் படத்தைவிட அவர் கணவரின் படம் பெரிது. வாக்குக் கேட்டு வந்தபோதும் கணவர் பேசினார், அந்தம்மா கும்பிட்டார். மேலத்தெருக்காரரும் தன் மனைவியை நிறுத்தினார். சின்னம் பூட்டு சாவி.

இங்கேதான் எனக்குச் சிக்கல். ஜெனரேட்டர் கொண்டுவந்தவர் நின்றிருந்தால் யோசித்திருக்க மாட்டேன். நிற்பது அவர் மனைவி. அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் மனைவியைக் காட்டிக் கணவர் ஆளப்போகிறார் என்றால் எதற்குக் கட்சியை மீற வேண்டும்? இப்படி ஒரு வாரம் எனக்குள் வழக்காடினேன். கட்சியை மீறாமலிருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

கடைசியில் நேராகப் போய்க் கேட்டுவிடலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். எங்கள் ஊரில் எதிரணி வேட்பாளர் வீட்டுக்குள் நுழைவது சின்ன விஷயம் இல்லை. பத்து நிமிடத்தில் டீக்கடைக்குத் தகவல் போய்விடும். போன பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல், "ஜெயித்தால் கையெழுத்து யார் போடுவார்கள்?" என்றேன். கணவர் வாயைத் திறந்தார். அந்தம்மா அவரைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"பன்னிரண்டு வருடமாக மகளிர் குழுவுக்கு நான்தான் கையெழுத்துப் போடுகிறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு தடித்த பேரேட்டை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். கடன், வட்டி, தவணை, யார் பாக்கி. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓர் இடத்தில் நின்றேன். குழுவிலிருந்து யாரோ பம்பு செட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். 'டீஸல் எஞ்சின்' என்று எழுதியிருந்தது.

"ரேஷன் கடையில் தொங்கிய நோட்டு..." என்றேன்.

"நான்தான் எழுதினேன். இவருக்குக் கணக்கு வராது" என்றார். கணவர் சிரித்தார்.

அந்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது ரோஸ் தாள் எனக்கு முடிந்துவிட்டது.

இதைப் படித்து, அந்தம்மா குறையே இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கடைசி இரவில் இரண்டு பக்கமும் பணம் கொடுத்தார்கள். தலைவர் வேட்பாளர் செலவு செய்யச் சட்டம் விதித்த வரம்பு 34,000 ரூபாய். எங்கள் தெருவுக்கு ஒரு பக்கம் கொடுத்ததே அதைத் தாண்டியிருக்கும். பூட்டு சாவி தலைக்கு நூறு ரூபாய் குறைவு, வித்தியாசம் அவ்வளவுதான். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மா இரண்டையும் வாங்கி அரிசிப் பானையில் வைத்திருந்தார். சண்டை போட்டேன். "நம் தென்னைக்கு யார் கொடுத்தார்கள்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் அதில் எனக்கு வெட்கம் உண்டு, ஆனால் நடந்ததை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தம் இல்லை.

இனி மற்ற மூன்று தாள். அவற்றில் நான் செய்த தப்புகளிலிருந்துதான் மற்றவர்களுக்கு உபயோகம் அதிகம்.

வெள்ளைத் தாளை நாங்கள் யாரும் மதிப்பதில்லை. வார்டு உறுப்பினர் என்றால் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு டீ குடிப்பவர் என்றுதான் நினைப்பு. உண்மையில் வார்டு உறுப்பினர்கள் கூடித்தான் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். இது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் தப்புச் செய்தேன். ரோஸில் எதிரணிக்குப் போடுகிறோம், வெள்ளையில் நம் ஆளைப் போட்டு வைத்தால் துணைத் தலைவர் நம் பக்கம் வருவார், ஒருவரை ஒருவர் கண்காணிப்பார்கள் என்று ஒரு கணக்குப் போட்டேன். பெரிய ராஜதந்திரி என்று நினைப்பு. வார்டில் நின்ற எங்கள் ஆள் எப்படிப்பட்டவர் என்று நான் யோசிக்கவே இல்லை. ஊரில் பலர் என்னைப் போலவே நினைத்தார்களோ என்னவோ, ஒன்பது வார்டில் ஐந்து எங்கள் பக்கம் வந்தது. துணைத் தலைவர் எங்கள் ஆள்.

என்ன நடந்தது? முதல் வருடத்திலேயே இருவருக்கும் முறுக்கு. துணைத் தலைவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். காசோலைகள் மாதக்கணக்கில் கிடந்தன. தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் சம்பளம் நின்றது. ஆட்சியர் அலுவலகம்வரை புகார் போனது. கண்காணிப்பு என்று நான் நினைத்தது முட்டுக்கட்டையாக முடிந்தது. தொட்டிக்காரர் ஒரு நாள் என்னிடம், "நீங்கள் எல்லாம் படித்தவர்கள், யோசித்துத்தான் போட்டிருப்பீர்கள்" என்றார். கிண்டலா இல்லையா என்று இன்றுவரை தெரியவில்லை. அடுத்த முறை வெள்ளையில் இரண்டே கேள்விதான் கேட்பேன்: ஆள் தெருவில் நடமாடுகிறவரா, பிடிக்காதவரோடும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவரா.

பச்சைத் தாளில் கட்சிக்குத்தான் போட்டேன், அதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. ஒன்றியச் சாலைகள், ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடங்கள் என்று ஒன்றியத்தின் கையில் இருப்பவை பல ஊருக்குப் பொது. எந்த ஊருக்கு முதலில் என்பது அரசியல். அங்கே கட்சி வேண்டும். அதோடு ஒன்றியக் குழுத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை, பச்சையில் ஜெயித்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே பச்சையில் ஒருவருக்குப் போடும் வாக்கு, பாதி தலைவருக்குப் போடும் வாக்கு.

எங்கள் வேட்பாளர் ஜெயித்தார். 2020 ஜனவரி 2-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. 11-ஆம் தேதி மறைமுகத் தேர்தல். நடுவில் நான்கு நாள் அவரைக் காணவில்லை, ஏதோ விடுதியில் இருப்பதாகப் பேச்சு. 11-ஆம் தேதி வந்தார், எதிரணிக்கு வாக்களித்தார். மாலையில் வேறு கட்சித் துண்டோடு படம் வந்தது. கட்சி விசுவாசத்தோடு நான் போட்ட வாக்கு, எண்ணி முடித்த ஒன்பதே நாளில் கட்சி மாறிவிட்டது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும் கட்சித் தாவல் தடைச் சட்டம் அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணையில் இருக்கிறது, அது இவர்களைத் தொடாது என்று அதன்பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அதற்காகப் பச்சையில் கட்சி பார்க்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கட்சி பார்க்க வேண்டிய இடத்தில் ஆளையும் பார்க்க வேண்டும். வேட்பாளரைத் தேர்வு செய்யும் கட்டத்திலேயே, உள்ளே இருக்கும்போதே, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்த மனிதர் இதற்கு முன் இரண்டு கட்சியில் இருந்து வந்தவர் என்று கிளையில் எல்லோருக்கும் தெரியும். செலவு செய்யக்கூடியவர் என்பதால் ஒருவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. வாக்குச்சாவடியில் காட்ட முடியாத எதிர்ப்பைக் கட்சிக் கூட்டத்தில் காட்டலாம் என்பதைக் கட்சிக்காரர்களே மறந்துவிடுகிறோம்.

மஞ்சள் தாளைப் பற்றி நான் எழுதக்கூடியது ஒன்றே ஒன்று: நான் போட்ட வேட்பாளரின் பெயர் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் நினைவில்லை. சின்னத்தைப் பார்த்துக் குத்தினேன். அம்மாவைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

வாக்களித்த நாளைச் சொல்ல வேண்டும். மார்கழிப் பனி விலகாத ஏழு மணி. பள்ளிக்கூட வகுப்பறை, கரும்பலகையில் பாதி அழித்த பெருக்கல் கணக்கு. நான்கு தாளையும் ஒன்றாகக் கையில் கொடுத்தார்கள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரையை எடுத்தேன். முதலில் மஞ்சள், பிறகு பச்சை. கை தானாகப் போயிற்று. வெள்ளையையும் குத்தினேன். ரோஸை விரித்தபோது ஆட்டோ மேலே இருந்தது, பூட்டு சாவி கீழே. முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா நினைவு வந்தது. எங்கள் ஆளுக்குப் போடாமல் இருக்கப்போகிறேன் என்பதைவிட, வெளியே போய் என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்பதுதான் உள்ளே ஓடியது. "சீக்கிரம் வாருங்கள் சார்" என்று அலுவலர் குரல் கொடுத்தார். பூட்டின்மீது அழுத்தினேன்.

ஒரு சின்ன விஷயம். முத்திரை மையை அப்பிக்கொண்டு இருக்கும். தாளை முதலில் நீளவாக்கில் மடிக்க வேண்டும். அப்படி மடித்தால் ஈர மை எதிரே ஒட்டினாலும் அதே வரியில்தான் ஒட்டும். குறுக்கே மடித்தால் வேறு சின்னத்தின்மீது போய் ஒட்டிக்கொண்டு, எண்ணும் இடத்தில் வாக்குவாதத்துக்கு வழிவிடும். 2006-இல் நான் எண்ணிக்கை ஏஜெண்டாக இருந்தபோது இப்படி ஒட்டிய தாள்களுக்காகக் கத்தி என் தொண்டை கட்டிப்போயிருக்கிறது. அதேபோல, வெள்ளையிலும் ரோஸிலும் யாருக்கு என்ன சின்னம் என்பது வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் உறுதியாகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வீட்டில் இருந்தால், அதன்பிறகு உட்கார்ந்து நான்கு நிறத்தையும் சொல்லிக் கொடுங்கள். 2019-இல் அம்மாவுக்கு நான்கு நிறக் காகிதம் வெட்டிக் காட்டினேன். யாருக்குப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. யாருக்குப் போட்டார் என்று கேட்கவும் இல்லை.

பூட்டு சாவி 63 வாக்கில் ஜெயித்தது. அன்று இரவே கிளைச் செயலாளர் வீட்டுக்கு வந்தார். அவருக்கு என் வயதில் பத்து வயது கூடுதல், சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு மாநாட்டுக்குப் போனவர். அம்மா டீ கொடுத்தார். பாதி குடித்துவிட்டுக் கேட்டார்: "நீ எதில் போட்டாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். வாக்கு ரகசியம் என்று நழுவியும் இருக்கலாம், அதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. ஊரில் பெரும்பாலானோர் அதைத்தான் செய்ய வேண்டும் என்றும் சொல்வேன். கூலி வேலைக்கு அதே ஆட்களை நம்பி இருப்பவர்கள் வீரம் காட்டத் தேவையில்லை. ஆனால் எனக்கு அவரிடம் பொய் வரவில்லை.

"பச்சையிலும் மஞ்சளிலும் கட்சிக்கு. வெள்ளையிலும் நம் ஆளுக்கு. ரோஸில் மட்டும் இல்லை அண்ணே."

மீதி டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். இரண்டு மாதம் பேசவில்லை. பொங்கலுக்கு வழக்கமாக வரும் கட்சிக் காலண்டர் அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அது வலித்தது என்று சொன்னால் நகரத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அவரே வந்து, ஒன்றும் நடக்காதது போல, "பூத்தில் நீதான் உட்கார வேண்டும்" என்றார். உட்கார்ந்தேன்.

அந்தம்மா ஐந்து வருடம் எப்படி நடத்தினார் என்று கேட்டால், கீழத்தெருவில் விளக்கு எரிகிறது, மயானத்துக்குச் சிமெண்ட் பாதை வந்தது. கிராம சபைக்குச் சட்டப்படி வர வேண்டிய 100 பேரைச் சேர்ப்பதற்குள் மூச்சு வாங்கினாலும், கணக்கை அவரே எழுந்து நின்று படித்தார். புதிதாகப் போட்ட போர்வெல் ஒன்றில் உப்புத் தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று சொன்னவர்கள் பேச்சை அவர் கேட்கவில்லை. கணவர் கடைசி இரண்டு வருடம் கொஞ்சம் அதிகமாகவே அலுவலகத்தில் உட்கார ஆரம்பித்தார். இதை நான் கிராம சபையில் எழுந்து சொன்னேன். "எதிர்க்கட்சிக்காரர் பேசுகிறார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தம்மா திரும்பிப் பார்த்து, "அவர் எனக்கு ஓட்டுப் போட்டவர்" என்றார். யார் சொன்னார்களோ தெரியாது. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது, கிளைச் செயலாளர் உட்பட.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு அந்தப் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். மறுபடி மோட்டார் எரிந்தால் போன் எடுக்க ஆள் இல்லை.

சில வாரங்களுக்கு முன் கிளைச் செயலாளர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். தேர்தல் எப்போது வரும் என்று ஊர்ப் பேச்சு பேசினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இந்த முறை ரோஸுக்கு யாரை நிறுத்தலாம்? ஊரிலேயே இருக்கிற ஆளாகச் சொல்."

நான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரை வேண்டுமானாலும் நிறுத்துங்கள். ரோஸ் தாளில் நம் சின்னத்தைப் போடச் சொல்லுங்கள் முதலில்."